முதுகுப்புறக் கோட்பாடு: ஒருநாள் கடற்கரைப் பயணத் தேர்வு குறித்த ஓர் ஆய்வு

ஆய்வுச் சிக்கல்

சென்னையிலும் சுற்றுவட்டாரத்திலும் வாழும் குடும்பங்கள் சனிக்கிழமை இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு ஒரு கேள்வியை எதிர்கொள்கின்றன: “நாளைக்கு எந்த பீச்?” ஒருவர் மெரினா என்பார், கூட்டம் என்று இன்னொருவர் தள்ளுவார். மகாபலிபுரம் என்றால் தூரம். பெசன்ட் நகர் என்றால் போன வாரம்தான் போனோம். முடிவு எட்டப்படும்போது ஞாயிற்றுக்கிழமை மதியமாகி, கறிக்குழம்பும் அதைத் தொடர்ந்த உறக்கமும் ஆய்வைக் கைப்பற்றிவிடுகின்றன. கடலுக்கு அரை மணித் தொலைவில் குடியிருந்தும் கடலைப் பார்த்து ஆறு மாதமானவர்கள் இப்படித்தான் உருவாகிறார்கள்.

இத்துறையில் முன்னோர் ஆய்வு இல்லாமல் இல்லை. சங்கப் புலவர்கள் நெய்தல் நிலத்தைத் துருவிப் பார்த்தவர்கள். புன்னை, தாழை, ஞாழல், நண்டு, நாரை, உப்பங்கழி, மீன் உணங்கும் மணல் என எதையும் விட்டுவைக்கவில்லை. ஆயினும் வண்டியை எங்கே நிறுத்துவது, குழந்தைக்கு அவசரமானால் எங்கே ஓடுவது என்ற இரண்டுக்கும் அவர்களிடம் விடை கிடைக்கவில்லை. நெய்தல் தலைவன் தேரில் வந்தவன். தேரை நிறுத்த இடமில்லாமல் அவன் மூன்று சுற்றுச் சுற்றியதாக எங்கும் பதிவில்லை. இந்த இடைவெளியை நிரப்புவதே இவ்வாய்வின் நோக்கம்.

எல்லையும் முறையும்

வடக்கே பழவேற்காடு, தெற்கே சதுரங்கப்பட்டினம், கிழக்கே முழங்கால் ஆழத் தண்ணீர், மேற்கே வீட்டுச் சாவி: இவை ஆய்வின் நான்கெல்லைகள். “எளிய ஒருநாள் பயணம்” என்று இங்கே குறிக்கப்படுவது, ஒரு வேளைச் சாப்பாட்டை வீட்டில் முடித்துக் கிளம்பி, அன்றிரவு அவரவர் தலையணையில் அவரவர் படுத்து, மறுநாள் லீவு போடாமல் வேலைக்குப் போவதாகும். சுமார் 150 கிலோமீட்டர் தொலைவிலுள்ள புதுச்சேரி இந்த வரையறையின் கடைசி நிபந்தனையில் தோற்பதால் ஒதுக்கப்படுகிறது.

தொல்காப்பியம் வகுத்த முதல், கரு, உரி என்னும் முப்பொருள் பகுப்பே ஆய்வு முறையாகக் கொள்ளப்பட்டது. முதன்மைத் தரவுகள் பங்கேற்பு உற்றுநோக்கல் வழியாகப் பெறப்பட்டன. அதாவது ஆய்வாளர் மணலில் உட்கார்ந்து சுண்டல் சாப்பிட்டார். குடும்ப வாட்ஸ்அப் குழுக்களில் பெரியப்பாக்கள் அனுப்பும் குரல் பதிவுகள் துணைமைத் தரவுகளாகும்.

கருதுகோள்

எந்தக் குடும்பத்திலும் ஓர் அப்பா, செய்தித்தாளிலிருந்து தலையைத் தூக்காமல், “எந்த பீச்சா இருந்தா என்ன, தண்ணி ஒண்ணுதானே” என்பார். குடும்பம் இதைச் சோம்பலின் வெளிப்பாடாகக் கருதிப் புறந்தள்ளுகிறது. அது தவறு. பழவேற்காட்டிலிருந்து சதுரங்கப்பட்டினம் வரை அடிப்பது ஒரே வங்காள விரிகுடா. ஒரே சூரியன் ஒரே திசையில் உதிக்கிறது. கடல் ஏற்றத்துக்கும் இறக்கத்துக்கும் உள்ள வேறுபாடு அமாவாசை, பௌர்ணமியிலும் ஏறத்தாழ ஒரு மீட்டர்தான். முன்னால் இருப்பது பொதுவாகிவிட்டபடியால், வேறுபாடு பின்னால்தான் இருந்தாக வேண்டும்.

இதிலிருந்து பெறப்படும் கருதுகோள்: கடலைப் பார்த்து நிற்பவரின் முதுகுக்குப் பின்னால் என்னென்ன உள்ளன என்பதே ஒரு கடற்கரையின் தரத்தைத் தீர்மானிக்கிறது. இது இனி முதுகுப்புறக் கோட்பாடு என வழங்கப்படும்.

முதற்பொருள் (அ): நிலம்

முதலில் மணலை அளக்க வேண்டும். மெரினாவில் சாலைக்கும் அலைக்கும் நடுவே மணல் சராசரியாக 300 மீட்டர். சில இடங்களில் 400 மீட்டரையும் தாண்டும். எவ்வளவு விசாலம் என்று இதற்கு மகிழ்பவர்கள் மூட்டுவலி இல்லாதவர்கள். மணலில் நடக்க, கெட்டித் தரையில் நடப்பதைவிட 2.1 முதல் 2.7 மடங்கு ஆற்றல் செலவாகிறது என்று பெல்ஜிய ஆய்வாளர்கள் 1998இல் அளந்து வெளியிட்டார்கள். ஆகவே பாட்டியின் கணக்கில் மெரினாவின் அகலம் 600 முதல் 800 மீட்டர். திரும்பி வருவது தனி. பெல்ஜியத்தின் உதவியில்லாமலேயே இதை அறிந்திருப்பதால்தான், “நீங்க போயிட்டு வாங்க, நான் இப்படியே உக்காந்திருக்கேன்” என்று பாட்டி சாலையோரத் திண்டிலேயே தங்கிவிடுகிறார்.

இந்தச் சிக்கலுக்கு 2022 நவம்பரில் ஒரு தீர்வு வந்தது. சக்கர நாற்காலியிலும் அலைக்கு அருகே போகும்படி மெரினாவில் மரப்பாதை திறக்கப்பட்டது. இரண்டே வாரத்தில் மாண்டஸ் புயல் அதன் ஒரு பகுதியைப் பெயர்த்துப் பார்த்தது. பிறகு அதைச் செப்பனிட்டார்கள். பாட்டியோடு போகிற குடும்பம் அலையின் அழகை விசாரிக்குமுன் மரப்பாதையை விசாரிக்க வேண்டும் என்பது இவ்வாய்வின் துணிபு.

மெரினாவின் மணலைக் கடலின் கொடை என்று கருதுவோர் உண்டு. வரலாறு வேறு சொல்கிறது. 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் சென்னைத் துறைமுகத்துக்காகக் கடலுக்குள் சுவர் எழுப்பினார்கள். இக்கரையில் ஆண்டு முழுவதையும் கூட்டிக் கழித்தால் மணல் தெற்கிலிருந்து வடக்கே நகர்கிறது. சுவர் அதை மறித்தது. தெற்கே மெரினா கொழுத்தது. வடக்கே ராயபுரம், திருவொற்றியூர்ப் பக்கம் கரை கரைந்தது. அமெரிக்காவிலிருந்து கப்பலில் வந்த பனிக்கட்டியை வைக்க 1842இல் கட்டிய ஐஸ் ஹவுஸ், இன்றைய விவேகானந்தர் இல்லம், அந்நாளில் கடலையொட்டி நின்ற கட்டடம். இன்று அதன் வாசலிலிருந்து கடலுக்குப் போவதே ஒரு பயணம். 1881 முதல் 1886 வரை ஆளுநராக இருந்த கிராண்ட் டஃப் கடலோர நடைபாதைக்கு மெரினா என்று பெயர் வைத்தபோது, இவ்வளவு மணலுக்கும் சேர்த்து வைப்பதாக நினைத்திருக்க மாட்டார்.

புதுச்சேரியில் நடந்தது இதன் மறுபக்கம். 1980களின் இறுதியில் அங்கே துறைமுகத்துக்குச் சுவர் கட்ட, அதற்கு வடக்கேயிருந்த நகரக் கடற்கரை மணலை இழந்தது. கருங்கல்லைக் கொட்டிக் கரையைக் காத்தார்கள். 2018இல் கடலுக்குள் செயற்கைத் திட்டு அமைத்த பிறகுதான் கொஞ்சம் மணல் திரும்பியது. ஆய்வு எல்லைக்கு வெளியே இருந்தாலும், நமக்குச் சாதகமாக இருப்பதால் இச்சான்று ஏற்கப்படுகிறது. முன்னால் கிடக்கும் மணலும் கரையில் இருந்தவர்கள் செய்த வேலையின் விளைவே எனும்போது கோட்பாடு முதல் படியைக் கடக்கிறது.

முதற்பொருள் (ஆ): பொழுது

நெய்தலுக்குத் தொல்காப்பியர் வகுத்த சிறுபொழுது எற்பாடு. உரைகள் இதைப் பிற்பகல் என்று கொள்ளும். இலக்கண மாணவர் இதை மனப்பாடம் செய்துவிட்டுப் போகிறார். சென்னைக் கரையில் போய் நின்று பார்த்தால் காரணம் விளங்கும். கிழக்குக் கரையில் பிற்பகல் வெயில் முதுகில் விழுகிறது, கண் கூசுவதில்லை. பின்னால் சவுக்குத் தோப்போ கட்டடமோ இருந்தால் அதன் நிழல் கடலை நோக்கி நீண்டு, பாய் விரிக்க இடம் தருகிறது. நிலம் கடலைவிட விரைவாகச் சூடேறுவதால் நிலத்தின் மேலுள்ள காற்று மேலெழ, அந்த இடத்தை நிரப்பக் கடற்காற்று நண்பகலையொட்டிக் கரையேறுகிறது. ஆனி, ஆடியில் மேற்குக் காற்று வலுத்திருக்கும் நாள்களில் மட்டும் அது தாமதமாகும். நிழல், காற்று, கூசாத கண் மூன்றும் ஒன்றுசேரும் வேளை பிற்பகல் மூன்றரைக்கு மேல். இவற்றுள் நிழல் முழுக்க முழுக்க முதுகுப்புறச் சொத்து என்பது ஈண்டு நோக்கத்தக்கது.

சூரியோதயக் கட்சியார் இதை மறுப்பர். கடலிலிருந்து சூரியன் எழுவது பார்க்க வேண்டிய காட்சிதான். ஆனால் ஐந்து மணிக்குக் கிளம்புவதாக இரவில் சபதமெடுத்த குடும்பம் காலை ஒன்பதரைக்குச் செருப்பைத் தேடிக்கொண்டிருப்பதே கள நிலவரம். ஒன்பதரைக்குக் கிளம்பியவர்கள் உச்சி வெயிலில் போய்ச் சேர்ந்து, சுடுமணலில் குதித்துக் குதித்துத் தண்ணீரை அடைகிறார்கள். இதை விளையாட்டு என்று தவறாகப் பதிவு செய்யக் கூடாது.

சூரியன் கடலுக்குள் இறங்குவதைப் படம்பிடிக்கக் கேமராவோடு மாலையில் நிற்பவர்களும் உண்டு. அவர்கள் போக வேண்டிய ஊர் கோழிக்கோடு. இங்கே அதற்கு ஈடாக, பௌர்ணமி மாலையில் நிலா கடலிலிருந்து எழும். நாள்காட்டியைப் புரட்டிவிட்டுக் கிளம்புகிறவர்களுக்கு மட்டும் இது கிடைக்கும்.

பெரும்பொழுதைப் பொறுத்தவரை, ஐப்பசி, கார்த்திகை வடகிழக்குப் பருவமழைக்கு உரியவை. கடலும் முரடாக இருக்கும். ஜனவரி முதல் மார்ச் வரை உகந்த காலம். அதிலும் காணும் பொங்கலைக் கழித்துவிட வேண்டும். அன்று மெரினாவில் கடல் ஓரத்தில் தடுப்பு கட்டி, குழந்தைகளின் கையில் பெற்றோரின் தொலைபேசி எண் எழுதிய பட்டையைப் போலீசார் மாட்டிவிடுகிறார்கள். கடலைவிடக் கூட்டத்தில் தொலைகிற ஆபத்து பெரிது என்பதற்கு இதைவிட வலுவான ஆவணம் தேவையில்லை. ஆகஸ்ட் 29 முதல் செப்டம்பர் 8 வரை பெசன்ட் நகரில் வேளாங்கண்ணி மாதா திருவிழா. பக்தர்கள் போகலாம், வண்டி நிறுத்த இடம் தேடுவோர் தவிர்க்கலாம்.

கருப்பொருள்

தெய்வம், உணவு, விலங்கு, மரம், பறவை, தொழில் எனக் கருப்பொருளைப் பழைய இலக்கணம் அடுக்கும். இக்காலத்துக்கு ஒன்றைச் சேர்த்தாக வேண்டும்: கழிப்பறை.

பயணம் எத்தனை மணி நேரம் நீடிக்கும் என்பதை முடிவு செய்வது குடும்பத் தலைவரோ ஓட்டுநரோ அல்லர். குழுவில் மிகச் சிறிய சிறுநீர்ப்பை உடையவரே. அவர் நான்கு வயதுப் பேத்தியாகவோ சர்க்கரை நோயுள்ள மாமாவாகவோ இருக்கலாம். பெண்கள் இதைக் கருதியே காலையிலிருந்து தண்ணீர் குடிக்காமல் வருகிறார்கள் என்பது வேடிக்கையில் சேராத தரவு. நல்ல கழிப்பறை இல்லாத அழகிய கடற்கரை, ஒரு மணி நேரக் கடற்கரை.

உலக அளவிலும் இதை ஒத்துக்கொண்டுவிட்டார்கள். தூய்மையான கடற்கரைகளுக்குத் தரப்படும் நீலக்கொடிச் சான்றுக்கு 33 நிபந்தனைகள். அவற்றுள் நீரின் தரம் பற்றியவை ஐந்து. மீதமுள்ளவை விழிப்புணர்வு, குப்பைத் தொட்டி, கழிப்பறை, குடிநீர், உயிர்காப்பாளர், மாற்றுத்திறனாளிகளுக்கான வழி என்று பெரும்பாலும் கரையோடு நின்றுவிடுகின்றன. 2021இல் இச்சான்றைப் பெற்றது கோவளம் கடற்கரை. 33இல் 28 நம் பக்கம் என்பதால், முதுகுப்புறக் கோட்பாடு பன்னாட்டு ஏற்பைப் பெற்றுவிட்டதாகவே கருதலாம்.

உணவு இருவகைப்படும்: கொண்டுபோவது, வாங்குவது. கொண்டுபோவதில் புளிசாதமும் தயிர்சாதமும் தலையாயவை. டப்பாவைத் திறந்த நொடியில் காற்று திசை மாறும்; இதற்கு இயற்பியல் விளக்கம் இதுவரை இல்லை. பிறகு சாப்பிடுவது மணல் சேர்ந்த புளிசாதம். காகங்கள் ஓரடி தள்ளி வரிசையில் நிற்கும். வாங்குவதில் தேங்காய் மாங்காய்ப் பட்டாணி சுண்டல், மிளகாய் பஜ்ஜி, மிளகாய்த்தூள் தடவிய மாங்காய்க் கீற்று, சுட்ட சோளம், வறுத்த மீன் ஆகியவை அடங்கும். பஜ்ஜியையும் மீனையும் வாங்குமுன் சட்டியிலுள்ள எண்ணெயின் நிறத்தைப் பார்ப்பது ஆய்வு அறம்.

தொழில் என்பது மீன்பிடித்தல். இந்தக் கரையில் பெரும்பகுதி ஏதோ ஒரு குப்பத்தின் பணியிடம். உலரும் வலைமேல் பாய் விரிப்பதும், படகில் ஏறி நின்று படமெடுப்பதும், அலுவலகத்துக்குள் நுழைந்து அடுத்தவர் மேசையில் ஏறி அமர்வதற்குச் சமம்.

மறுப்புச் சான்று

நேர்மையான ஆய்வு தனக்கு எதிரான சான்றையும் பேச வேண்டும். தண்ணீர் ஒன்றுதானே என்ற அப்பா இங்கே ஒரு கணம் நிமிர்ந்து உட்கார வேண்டும்.

அலைகள் கரைக்குத் தள்ளிய நீர் திரும்பிப் போக வழி தேடும். மணல் திட்டுகளுக்கு நடுவே கிடைக்கும் குறுகலான பள்ளத்தில் அது வேகமாகக் கடலுக்குள் ஓடும். “கடல் உள்ள இழுக்குது” என்று மக்கள் சொல்வது இதைத்தான். இதன் வஞ்சகம் தோற்றத்தில் உள்ளது: இழுக்கும் இடத்தில் அலை உடையாது, நுரை குறைவு, நீர் சற்றுக் கருத்து அமைதியாகத் தெரியும். குழந்தைக்கு இதுதான் பத்திரம் என்று குடும்பம் அந்த இடத்தையே தேர்ந்தெடுக்கும். சிக்கியவர் கரையை நோக்கி எதிர்நீச்சல் போட்டால் களைத்துப் போவார். பதறாமல் மிதந்து, கையை உயர்த்தி உதவி கேட்க வேண்டும். நீந்தத் தெரிந்தால் கரைக்கு இணையாகப் பக்கவாட்டில் நீந்தி இழுவையிலிருந்து விலகிய பிறகே கரைக்குத் திரும்ப வேண்டும். மெரினாவில் குளிக்கத் தடை இருப்பது இதனால்தான்.

கடல் அமைதியான நாளிலும், தொலைவில் எங்கோ வீசிய புயலின் எழுச்சி அறிகுறியின்றிக் கரையேறுவதுண்டு. அதற்குக் கள்ளக்கடல் என்று பெயர். ஐதராபாத்திலுள்ள இந்திய தேசிய கடல்சார் தகவல் சேவை மையம் இதற்கு எச்சரிக்கை வெளியிடுகிறது. கிளம்புமுன் அதைப் பார்ப்பதும், போன இடத்தில் வலை சீர்செய்துகொண்டிருக்கும் அண்ணனிடம் “இன்னைக்கு இறங்கலாமாண்ணே?” என்று கேட்பதும் போதும். அவர் வேண்டாம் என்றால் விவாதம் கிடையாது.

ஆக, தண்ணீர் எல்லா இடத்திலும் ஒன்றல்ல. ஆயினும் அந்தச் செய்தியைச் சொல்லும் பலகை, விசில் ஊதும் காவலர், வலை பின்னும் அண்ணன் மூவரும் கரையில்தான் இருக்கிறார்கள். கோட்பாடு காயத்தோடு தப்புகிறது.

ஒப்பீடு

மெரினா: முதுகுப்புறத்தில் பறக்கும் ரயில் நிலையங்கள், பேருந்து, கலங்கரை விளக்கம், சுண்டல், ராட்டினம் எல்லாம் உண்டு. முன்புறத்தில் குளிக்க அனுமதி இல்லை. கார் இல்லாத குடும்பத்துக்கு முதலிடம்.

பெசன்ட் நகர் எலியட்ஸ் கடற்கரை: மணல் குறைவு, பாட்டிக்கு இசைவு. முதுகுப்புறத்தில் அஷ்டலட்சுமி கோயிலும் வேளாங்கண்ணி மாதா கோயிலும் உணவகங்களும் இருப்பதால் எல்லாக் கட்சியாரும் சமாதானமாவர். மணலில் நிற்கும் வெள்ளை நினைவுச் சின்னம், நீரில் தத்தளித்தவரைக் காப்பாற்றப் போய் 1930இல் உயிர்விட்ட டென்மார்க் மாலுமி கார்ல் ஷ்மிட்டுக்கு எழுப்பியது. அதன்மேல் சாய்ந்து படமெடுப்போர் முந்தைய இயலை மறுபடி படிக்கவும்.

கோவளம்: சுமார் 40 கிலோமீட்டர். நீலக்கொடி, கழிப்பறை, அலைச்சறுக்குப் பயிற்சி. போகிற வழியில் முட்டுக்காட்டில் படகும் தட்சிணசித்திராவும் இருப்பதால் வெயில் நேரத்தைக் கூரைக்கடியில் கழித்துவிட்டு மாலையில் கரைக்கு வரலாம். சிறு குழந்தைகள் உள்ள குடும்பத்துக்கு இதுவே பரிந்துரை.

மாமல்லபுரம்: முதுகுப்புறக் கோட்பாட்டின் உச்சம். இராசசிம்மன் என்னும் இரண்டாம் நரசிம்மவர்மன் எடுத்த கடற்கரைக் கோயில் பின்னால் நிற்கும்போது கடலை யாரும் பார்ப்பதில்லை. 1984இல் உலகப் பாரம்பரியச் சின்னமானது. விருந்தாளி வந்திருந்தால் இங்கே போக வேண்டும். உள்ளூர்க்காரர் ஒருவரும் விருந்தாளி இல்லாமல் போனதாகத் தெரியவில்லை.

சதுரங்கப்பட்டினம்: கல்பாக்கத்தை ஒட்டி, டச்சுக் கோட்டையோடு. கூட்டம் குறைவு, கடையும் குறைவு. புளிசாதக் கட்சிக்கு ஏற்றது.

பழவேற்காடு: சில்காவுக்கு அடுத்த பெரிய உவர்நீர் ஏரி, குளிர்காலத்தில் பூநாரை, 1613இல் டச்சுக்காரர் கட்டிய கோட்டையின் எச்சம், வாசலில் எலும்புக்கூடு செதுக்கிய கல்லறைத் தோட்டம். முதுகுப்புறம் இவ்வளவு வளமாக இருந்தும், தேநீருக்கும் கழிப்பறைக்கும் அலைய வேண்டியிருப்பதால் பெரியவர்கள் மட்டும் போகலாம்.

உரிப்பொருள்

நெய்தலின் உரிப்பொருள் இரங்கல். பிரிந்து போன தலைவனை நினைத்துத் தலைவி வருந்துவது என்று வகுப்பில் சொல்லித்தருவார்கள். ஞாயிறு இரவு எட்டு மணிக்கு ஈ.சி.ஆரில் நகராமல் நிற்கும் காருக்குள் எட்டிப் பார்த்தால் பாடத்தின் முழுப் பொருளும் தெரியும். பின்சீட்டில் ஈர நிக்கரோடு உறங்கும் பையன், ஒரு செருப்பை இழந்த அத்தை, சீட்டிலெல்லாம் மணல் என்று முணுமுணுக்கும் சித்தப்பா, “அடுத்த வாரமும் வரலாமா?” என்று கேட்டு யாரிடமும் பதில் பெறாத சிறுமி. ஆறரைக்குள் கிளம்பிவிட்டால் இரங்கலைப் பாதியாகக் குறைக்கலாம். கிளம்புமுன் மண்ணைத் தட்டிவிட ஒரு பழைய துண்டும், கால் கழுவ இரண்டு லிட்டர் பாட்டிலில் வீட்டுத் தண்ணீரும் வண்டியிலேயே இருக்கட்டும்.

முடிவும் மேலாய்வுக் களங்களும்

கடற்கரையைத் தேர்வு செய்யும் குடும்பம் கேட்க வேண்டிய கேள்விகள் நான்கு: நம்மில் யாரால் குறைவாக நடக்க முடியும்? யார் முதலில் கழிப்பறை கேட்பார்கள்? நாலு மணிக்கு நிழல் எங்கே விழும்? இறங்கலாமா என்று சொல்ல அங்கே ஆள் உண்டா? இவற்றுக்கு விடை கிடைத்தால் கடற்கரையின் பெயர் தானாக வந்து விழும். கடலைப் பற்றிக் கவலை வேண்டாம். அது எப்படியும் இருக்கும்.

இவ்வாய்வு தொடாமல் விட்ட களங்கள் சில. “சரி, கிளம்பலாம்” என்ற அறிவிப்புக்கும் உண்மையில் கிளம்புவதற்கும் இடைப்பட்ட காலத்தை எந்த அலகில் அளப்பது? நனையவே மாட்டேன் என்று வந்தவர் இடுப்பளவு நனைந்து திரும்புவது ஏன்? கடற்கரையில் வாங்கிய பலூன் வீடு வந்து சேர்ந்ததற்குச் சான்று உண்டா? இறுதியாக, கரையிலேயே வசிக்கும் குப்பத்துக் குடும்பங்கள் விடுமுறை நாளில் எங்கே போகின்றன? இக்கடைசி வினாவுக்கு முதற்கட்டக் கள விசாரணையில் கிடைத்த விடை, “வண்டலூர் ஜூ.” அவர்களும் கடலுக்கு முதுகைக் காட்டித்தான் கிளம்புகிறார்கள் என்பதால் கோட்பாட்டுக்கு இதனால் பாதகமில்லை.